பருமனான பிள்ளையின் உடல்தகுதி: எதை அளப்பது, எங்கே தொடங்குவது

பத்து, பதினொரு வயதுப் பிள்ளையின் பின்கழுத்து கறுத்திருப்பதைப் பார்த்தால், நம் வீடுகளில் முதலில் கையில் எடுப்பது பீர்க்கங்காய் நாரைத்தான். அழுக்கென்று நினைத்துத் தேய்க்கிறோம். கடலை மாவு, பயத்தம் மாவு, எலுமிச்சைத் தோல் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறோம். தோல் சிவந்து எரிகிறதே தவிரக் கறுப்பு போவதில்லை. அது அழுக்கே அன்று. உடலில் இன்சுலின் தேவைக்கு மீறிச் சுரந்துகொண்டே இருக்கும்போது அது தோலின் செல்களையும் தூண்டிவிடுகிறது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வெல்வெட் துணியைத் தொடுவது போன்ற தடிப்பும் கறுப்பும் தோன்றுவது அதனால்தான். மருத்துவர்கள் இதை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பார்கள். எடை கூடிய பிள்ளையிடம் இது தென்பட்டால், இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரிவரக் கட்டுப்படாத நிலை தொடங்கிவிட்டது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். நாரைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலையைத் தொடங்க வேண்டிய நேரம் அது.

எடையைக் குறைப்பதே அந்த வேறு வேலை என்று பெரும்பாலான பெற்றோர் முடிவு செய்து, மறுநாளே எடை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வருகிறார்கள். நான் அங்கிருந்து தொடங்கச் சொல்ல மாட்டேன். வளரும் பிள்ளையிடம் முதலில் கூட்ட வேண்டியது உடல்தகுதி, அதாவது மூச்சின் தாக்குப்பிடிப்பும் தசையின் வலுவும். வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். ஆகவே முறையாகப் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு, கருவியின் முள் ஒரு கிலோகூட இறங்காத மாதங்களிலும், இன்சுலினின் வேலை எளிதாகிறது, கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைகிறது, ரத்த அழுத்தம் தணிகிறது. முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் இவை எதையும் காணாமல், 'ஒன்றும் பயனில்லை' என்று ஆறாவது வாரத்தில் நிறுத்திவிடுவார்.

இருந்தாலும் தொடக்கத்தில் ஒரு முறை அளவெடுக்கத்தான் வேண்டும். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, அந்த எண்ணால் எடையை வகுத்தால் பிஎம்ஐ கிடைக்கும். பெரியவர்களுக்கு உள்ளதுபோல ஒரே எல்லை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015இல் 5 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு வெளியிட்ட அட்டையில், பெரியவர்களின் 23, 27 என்னும் பிஎம்ஐ எல்லைகளுக்கு இணையான கோடுகள் அதிக எடைக்கும் உடல் பருமனுக்கும் வரையப்பட்டுள்ளன. உலக அளவில் வழங்கும் 25, 30 என்பதைவிட இவை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியரின் உடலில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழுவினர் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளிடம்கூடத் தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையாமல் இருந்ததைக் கண்டார்கள். 'எங்கள் பரம்பரையே பூசின உடம்புதான்' என்று சொல்லிக் கடந்துவிட முடியாதது இதனால்தான்.

அட்டை கைவசம் இல்லாதவர்கள் தையற்காரர் வைத்திருக்கும் நாடாவை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் இடுப்புச் சுற்றளவு அவன் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, 140 செ.மீ. உயரமுள்ளவனுக்கு 70 செ.மீ. என்பது எல்லை. வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்ட நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பே இதயத்துக்கும் கல்லீரலுக்கும் கூடுதல் கெடுதி செய்வது என்பதால், இந்த எளிய அளவு பல நேரங்களில் பிஎம்ஐயைவிட நேராகப் பேசும்.

இனி ஒரு கணக்கு. 11 வயதில் 140 செ.மீ. உயரமும் 48 கிலோ எடையும் உள்ள பையனின் பிஎம்ஐ 24.5, உலக சுகாதார நிறுவனத்தின் அட்டைப்படி அது உடல் பருமன். இரண்டு ஆண்டுகளில் அவன் 152 செ.மீ. உயரத்துக்கு வளர்ந்து, எடை 50 கிலோவில் நின்றால் பிஎம்ஐ 21.6 ஆகிவிடும், பருமன் என்னும் கட்டத்தைத் தாண்டி, அதிக எடை என்னும் நிலைக்கு இறங்கிவிடுவான். எடை இரண்டு கிலோ கூடியும் இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். வளரும் வயதுள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை ஏறும் வேகத்தை அடக்கினாலே போதும், மீதியை உயரம் பார்த்துக்கொள்ளும். பட்டினி போடுவது, ஒரு வேளை உணவை நிறுத்துவது, விளம்பரத்தில் வரும் எடைக்குறைப்புப் பொடியைக் கரைத்துக் கொடுப்பது ஆகியவை அந்த உயரத்தையே கெடுக்கக்கூடியவை. பருமன் மிகக் கடுமையாக உள்ளவர்களுக்கும், வளர்ச்சி முடியும் தறுவாயில் உள்ள பதின்பருவத்தினருக்கும் எடையைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும்.

பயிற்சியைத் தொடங்குமுன் குழந்தைநல மருத்துவரை ஒரு முறை பார்ப்பது நல்லது. பருமன் உள்ள 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ரத்தச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள், கல்லீரலைக் காட்டும் ஏ.எல்.டி. ஆகிய பரிசோதனைகளை அவர் எழுதுவார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரையிலும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரையிலும் இருந்தால் அது நீரிழிவின் வாசற்படி. பயிற்சிக்கு அதிகப் பலன் கிடைக்கும் கட்டமும் அதுவே. ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை போதிய அளவில் இருக்கிறதா என்று பெற்றோரே கேட்கலாம். பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். 13 வயதுக்கு மேல் 120/80க்குக் கீழே இருப்பது இயல்பு.

'தைராய்டாக இருக்குமோ' என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாப் பெற்றோரிடமும் வரும். பிள்ளை தன் வயதுக்கு நல்ல உயரமாக, ஆண்டுதோறும் ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்தால் சுரப்பிக் கோளாறுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. எடை ஏறிக்கொண்டே உயரம் நின்றுவிட்ட பிள்ளைக்குத்தான் அந்தச் சந்தேகம் வர வேண்டும். ஐந்து வயதுக்கு முன்பே கடுமையாகப் பருத்து, எவ்வளவு உண்டாலும் பசி தீராத குழந்தையை மரபணுக் காரணங்களுக்காகப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

குறட்டையை யாரும் நோயாகக் கருதுவதில்லை. 'அசந்து தூங்குகிறான்' என்று சிரித்துக்கொள்கிறோம். வாரத்தில் பல நாள் உரத்த குறட்டை, நடுவில் சில நொடிகள் மூச்சு நின்று பின் திணறி வாங்குதல், நின்றுபோன படுக்கையை நனைக்கும் வழக்கம் திரும்ப வருதல், காலையில் தலைவலி, வகுப்பில் தூக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது உறக்கத்தில் மூச்சடைப்பு. டான்சில், அடினாய்டு வீக்கம் இருக்கிறதா என்று காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். இரவெல்லாம் மூச்சுக்குத் தவித்த பிள்ளையைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி ஓடச் சொல்வதில் பொருளில்லை. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒழுங்கின்றி வருவது, முகத்தில் மயிர் வளர்வது, அடங்காத பரு ஆகியவை பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறின் அடையாளங்களாக இருக்கலாம்.

நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்பும் எச்சரிக்கை முழங்கால் வலியைப் பற்றியது. 10 முதல் 16 வயதுக்குள் உள்ள பருமனான பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி, வளர்ச்சித் தட்டு இருக்கும் இடத்தில் மெல்ல நழுவிவிடக்கூடும். கோளாறு இடுப்பு மூட்டில் இருந்தாலும் வலி தொடையிலோ முழங்காலில் மட்டுமோ தெரியும் என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. பிள்ளை லேசாக நொண்டுவான், பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும். வீட்டில் 'எடை கூடினால் முட்டி வலிக்கத்தான் செய்யும், நடந்தால் சரியாகும்' என்று நடக்க வைப்பார்கள். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் அதில் எதுவும் தெரியாது. நடக்க நடக்க எலும்பு மேலும் நழுவும். ஆகவே பருமனான பிள்ளை முழங்கால் வலியோடு நொண்டினால், அன்றே நடையை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் இடுப்பு மூட்டுகள் இரண்டையும் எக்ஸ்ரே எடுக்கக் கேட்க வேண்டும். திருகாணி வைத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சை காலத்தில் நடந்தால் மூட்டு பிழைக்கும்.

மருத்துவர் அனுமதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இனி மைதானம். நம் பள்ளிகளில் பருமனான பிள்ளையின் உடல்தகுதி பெரும்பாலும் ஓட்டத்தால்தான் அளக்கப்படுகிறது. கேலோ இந்தியா உடல்தகுதி மதிப்பீட்டிலும் 600 மீட்டர் ஓட்டம் ஒரு பகுதி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதற்காக மைதானத்தை மூன்று சுற்று ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் நூறு மீட்டரில் எல்லோரோடும் பாய்வான், இரண்டாம் சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பான், மூன்றாம் சுற்றில் மைதானத்தில் அவன் மட்டும்தான் இருப்பான், அப்போது மற்றவர்கள் நல்லெண்ணத்தோடு கை தட்டுவார்கள் பாருங்கள், அதுதான் அவனுக்குக் கொடுமை. அடுத்த விளையாட்டுப் பாடவேளையில் அவனுக்கு வயிற்று வலி வந்துவிடும்.

அவன் நுரையீரலும் இதயமும் பழுதானவை அல்ல. ஒரு நிமிடத்தில் அவன் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் மொத்த அளவு, பெரும்பாலும் ஒல்லியான தோழனுக்கு உள்ளதற்குக் குறைந்ததன்று. அதே இயந்திரம் கூடுதலாகப் பத்துப் பதினைந்து கிலோவைச் சுமந்துகொண்டு ஓட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தோழனின் முதுகில் அரிசி மூட்டை ஒன்றைக் கட்டி ஓடவிட்டால் அவனும் விலாவைப் பிடிப்பான். உடலைத் தூக்கிச் செல்ல வேண்டிய ஓட்டத்திலும் தாவுதலிலும் புல்-அப்பிலும் பருமனான பிள்ளை பின்தங்குகிறான். பந்து எறிவதிலும் பிடியின் வலுவிலும் தள்ளுவதிலும் பல நேரங்களில் முந்தி நிற்கிறான். தினமும் தன் எடையையே தூக்கி நடக்கும் கால்களுக்கு வலு இருக்கத்தானே செய்யும். பயிற்சியை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது: அவன் தோற்கும் இடத்தில் தொடங்காமல் ஜெயிக்கும் இடத்தில் தொடங்குங்கள்.

நீச்சலில் நீர் எடையைத் தாங்கிக்கொள்ளும். சைக்கிளில் சீட் தாங்கிக்கொள்ளும். முதல் மாதங்களுக்கு இவ்விரண்டையும் விடச் சிறந்தவை இல்லை. நீச்சல் குளம் எல்லா ஊரிலும் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் உண்டு. சைக்கிள் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. 11ஆம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளைப் பள்ளி தவிர மற்ற இடங்களுக்கும் ஓட்டலாம் என்பதைப் பல வீடுகள் மறந்து, அதை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கின்றன. கயிறு இழுத்தல், குண்டு எறிதல், வட்டு எறிதல் ஆகியவை அவன் உடலுக்கு இயல்பாகப் பொருந்துபவை. கபடியில் பாடி வருபவனைக் காலைப் பிடித்து நிறுத்தும் இடத்துக்கு அவனைப் போடச் சொல்லி உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது அது மூச்சு வாங்க வைப்பதாகவும், தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டுவதாகவும் இருக்க வேண்டும். இந்த 60 நிமிடத்தை முதல் நாளே எட்ட முயல்பவர்கள்தான் நாலாம் நாள் விட்டுவிடுகிறார்கள். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகள் இயல்பாகவே ஓடி, நின்று, மீண்டும் ஓடி விளையாடுபவர்கள். கால் மணி நேரமாகத் துண்டு போட்டுக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரங்களுக்குக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் நடையோ சைக்கிளோ போதும். நடக்கும்போது அவனால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். மூன்றாம் வாரம் முதல் ஒவ்வொரு வாரமும் இரு வேளையும் சேர்த்து இரண்டு, மூன்று நிமிடங்கள் கூட்டுங்கள். ஐந்தாம் வாரத்தில் நடைக்கு நடுவே அரை நிமிட வேகத்தைச் சேர்க்கலாம்: ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை வேகம், பிறகு மூச்சு ஆறும் வரை இரண்டு மூன்று கம்பம் மெதுநடை. தெருவில் இதை அளக்கக் கடிகாரம்கூடத் தேவையில்லை. பன்னிரண்டாம் வாரத்துக்குள் இரு வேளையும் சேர்த்து நாற்பது, ஐம்பது நிமிடத்தை எட்டிவிடலாம். மீதி, விளையாட்டிலும் வீட்டு வேலையிலும் சேர்ந்துகொள்ளும்.

இதனோடு வாரத்தில் மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாளாக, வலுப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், படிக்கட்டின் முதல் படியில் ஏறி இறங்குதல், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தலைக்கு மேல் தூக்குதல் ஆகிய நான்கும் போதும். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. சுவர்த் தள்ளல் எளிதானதும் மேசை விளிம்புக்கும், பிறகு தரைக்கும் இறங்கலாம். சிறு வயதில் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பது ஊர்ப்பேச்சு. பெரியவர் உடனிருந்து முறையாகச் செய்ய வைக்கும் மிதமான வலுப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. குதித்தலையும் ஸ்கிப்பிங்கையும் மட்டும் முதல் இரண்டு மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு குதியிலும் மூட்டில் இறங்குவது உடல் எடையைப் போலப் பல மடங்கு.

முன்னேற்றத்தை அளக்க இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்யுங்கள்: ஒரே படியில் ஒரே சீரான வேகத்தில் மூன்று நிமிடம் ஏறி இறங்கச் செய்து, உட்கார வைத்து, உடனே ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். மற்றவர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அவன் எண் 140, 134, 126 என்று இறங்கி வந்தால் இதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்யக் கற்றுக்கொண்டது என்று பொருள். அந்த நோட்டைப் பிள்ளையே எழுதட்டும். எடையை மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் பார்க்க வேண்டியதில்லை.

பெரியவர்கள் கவனிக்காத, பிள்ளை வெட்கத்தால் சொல்லாத ஒன்று: தொடை உராய்வு. ஓடும்போது இரு தொடைகளும் உரசித் தோல் வழன்று, குளிக்கும்போது சோப்புப் பட்டால் எரியும். 'ஓட மாட்டேன்' என்று அடம் பிடிக்கும் பல பிள்ளைகளின் உண்மையான காரணம் இதுதான். முழங்கால் வரை வரும் இறுக்கமான சைக்கிளிங் ஷார்ட்ஸ் ஒன்றைச் சீருடைக்கு உள்ளே போடுவதும், புறப்படுமுன் கொஞ்சம் வாசலின் தடவுவதும் இதைத் தீர்த்துவிடும். பள்ளியின் தட்டையான கேன்வாஸ் ஷூ நீண்ட நடைக்கு உதவாது. குதிகாலில் மெத்தையுள்ள ஷூ வேண்டும். பூப்பெய்திய பெண் பிள்ளைக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கித் தருவதை அம்மா தள்ளிப் போடக் கூடாது. அது இல்லாததாலேயே மைதானத்தை விட்டு விலகும் சிறுமிகள் உண்டு.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். பருமனான உடல் வெப்பத்தை மெதுவாகவே வெளியேற்றும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்குள் முடிக்க வேண்டும் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல் தொடங்க வேண்டும். கோடையில் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு உடல் பழக இரண்டு வாரம் வரை ஆகும். தாகத்துக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் போதும். நெஞ்சு வலி, மயக்கம், பயிற்சிக்குப் பின் விசில் போன்ற இழுப்பு ஆகியவை வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இழுப்பு ஆஸ்துமாவாக இருந்து மருந்தால் கட்டுப்பட்டால் பயிற்சியைத் தொடரலாம்.

உணவைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. பயிற்சி முடிந்து வரும் பிள்ளைக்குப் 'பாவம்' என்று வாங்கித் தரும் 300 மி.லி. குளிர்பானத்தில் ஏறக்குறைய 32 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. அரை மணி நேர வேகநடை அந்த ஒரு பாட்டிலில் போய்விடும். பானங்களிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடுவதும், மாலைத் தீனியை பஜ்ஜியிலிருந்து சுண்டலுக்கு மாற்றுவதும், ராத்திரி டிபனில் தோசையின் எண்ணிக்கையைக் குறைத்துக் காயும் முட்டையும் பருப்பும் கூட்டுவதும், பரோட்டாவை மாதத்துக்கு ஒரு நாளாக்குவதும் முதல் மூன்று மாதங்களுக்குப் போதும். இவை வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தங்கைக்கு ஐஸ்கிரீமும் அண்ணனுக்கு வெள்ளரிக்காயும் என்று பிரித்தால் அண்ணன் கடைக்குப் போய்விடுவான். பள்ளி வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் இதைக் கேட்கலாம். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரத்துக்கும், 13 முதல் 18 வரை 8 மணி நேரத்துக்கும் குறையாமல் தூங்க வேண்டும். செல்போன் இரவில் வேறு அறையில் இருந்தால் இது தானே நடக்கும்.

பள்ளியில் பேச வேண்டிய இன்னொன்று, விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் வழக்கம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். வாரத்துக்கு இரண்டு பாடவேளை போனால், வெளியே விளையாட இடமில்லாத அடுக்குமாடிப் பிள்ளைக்கு அந்த வாரத்தின் ஓட்டமெல்லாம் போயிற்று. உடற்கல்வி ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, 600 மீட்டரை எல்லோர் முன்னும் ஓட வைக்காமல் முதல் பருவத்தில் இவனை நடந்தும் ஓடியும் முடிக்க விடுங்கள், இவன் நேரத்தை இவன் பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள் என்று கேட்டால், பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் வழக்கம் வகுப்பில் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் மாமாவும் அத்தையும் செல்லமாகக் கூப்பிடும் 'குண்டு'வையும் அன்றோடு நிறுத்த வேண்டியிருக்கும். நோட்டில் ஆறாவது பதிவு விழும் நேரத்தில், மூன்று மாத இடைவெளியில், அந்த மூன்று சுற்றுகளை ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பிள்ளையோடு நீங்களும் ஓடிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் சுற்றில் விலாவைப் பிடிப்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.